மெகா பிளாக் மாத்திரை

டோம்பிவிலியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: அவசரக் கருத்தடை மாத்திரை போட்டு இரண்டு வாரமாகிறது. படபடப்பு நிற்கவில்லை, கணவர் அருகே வந்தாலே எரிச்சல், ஆசை என்பதே இல்லை. "ஹார்மோன் எல்லாம் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை. அதிலிருப்பது 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல். ஏறக்குறைய ஒரு நாளில் பாதி வெளியேறிவிடும். வாரம் முடிவதற்குள் அநேகமாக மிச்சமிருக்காது.

அதற்குள் அது செய்யும் வேலைதான் அழகு. இயல்பாக, சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் முதலில் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அடக்கிவைக்கிறது. அளவு ஏறி இரண்டு நாள் போல நிலைத்துவிட்டாலோ, அடக்கிய அதே ஹார்மோன் தூண்டத் தொடங்குகிறது! பிட்யூட்டரியின் எல்.எச். ஹார்மோன் பொங்குகிறது, முட்டை வெளியேறுகிறது. இந்தப் பொங்குதலைத்தான் மாத்திரை தள்ளிப்போடுகிறது.

மும்பையில் தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் போல என்று வையுங்கள். லோக்கல் கிளம்புமுன் போட்டால் வண்டி நிற்கும். தாணே தாண்டிய வண்டியை எந்த பிளாக்கும் திருப்பாது. எனவே உறவுக்குப் பின் 72 மணி நேரம் வரை காத்திருக்காமல், முந்திப் போடுவதே நல்லது. பிளாக் முடிந்ததும் நின்ற வண்டி கிளம்பும்: அதே மாதம் பிறகு உறவுகொண்டால் கருத்தரிக்கலாம். டைம்டேபிளும் ஆடும், மாதவிடாய் சில நாள் முன்பின்னாகும்.

வரலாறு வேண்டுமா? கனடா மருத்துவர் யூஸ்பே 1974-இல் வேறொரு கலவையோடு தொடங்கினார். இந்தியாவில் 2005 முதல் சீட்டில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாட்டு மெடிக்கல்களில் கேட்டால் பல இடங்களில் இன்றும் கைவிரிப்பார்கள். போதும்.

படபடப்புக்கு வருவோம். முதல் சில நாள் குமட்டல், தலைவலி, மனத் தடுமாற்றம் வரலாம். இரண்டு வாரம் கழித்தும் தொடர்வதற்கு மருந்தைவிடப் பயமே பொருத்தமான காரணம். 'கரு தங்கிவிட்டதோ' என்ற கவலை, மாதவிடாயை ஆளும் மூளைப் பகுதியான ஹைபோதலாமஸையே தொடுகிறது. அதனாலும் நாள் தள்ளும், தள்ளத் தள்ளக் கவலை கூடும். பயந்த உடம்பில் ஆசை எங்கிருந்து வரும்? அதற்கு 'ஹார்மோன் டீடாக்ஸ்' பொடி விற்பவர்களிடம் காசை இழக்காதீர்கள்.

உறவுகொண்டு மூன்று வாரம் ஆனதும் கருப் பரிசோதனை செய்யுங்கள். பாதிக் கவலை அன்றே தீரும். அடிவயிற்றில் கடும் வலி வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கணவரிடம் 'கொஞ்ச நாள் வேண்டாம்' என்று சொல்வதில் தவறில்லை. அடுத்த முறைக்கு ஆணுறையோ காப்பர்-டியோ இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள். பரிசோதனைக்குப் பிறகும் படபடப்பு நீடித்தால் அரசின் மனநல உதவி எண் இருக்கிறது: டெலி-மானஸ், 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.