தொண்ணூறு வயதில் எடை தூக்கியவர்கள்

காலும் காலமும் – 7

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோருக்கான மறுவாழ்வு மையம் ஒன்று உண்டு. பெயர் ஹீப்ரூ ரிஹாபிலிடேஷன் சென்டர். அங்கே தங்கியிருந்த தொண்ணூறு வயதுக்காரர்களை எடை தூக்க வைத்துப் பார்க்கலாம் என்று மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முடிவு செய்தார்கள். கேட்பவர்களுக்கு விபரீதமாகத்தான் பட்டிருக்கும். தடி ஊன்றி நடப்பவரை எடை தூக்கச் சொன்னால், நம் வீடாக இருந்தால் பெரிய சண்டையே வந்திருக்கும்.

பத்துப் பேர் முன்வந்தார்கள். அவர்களில் இளையவருக்கே வயது 86, மூத்தவருக்கு 96. சிலரால் கையை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழவே முடியாது.

பயிற்சி இதுதான். உட்கார்ந்தபடியே, காலில் ஏற்றிய எடையை முழங்காலை நீட்டி மேலே தூக்க வேண்டும். பிறகு அவசரப்படாமல், மெதுவாக இறக்க வேண்டும். ஒருவரால் ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் அதில் பாதி எடை; சீக்கிரமே அது 80 சதவீதமானது. எட்டு தடவை தூக்கி இறக்கியபின் சிறிது ஓய்வு. இப்படி மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். கால் பழகப் பழக எடையையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒப்புக்குக் கையைக் காலை ஆட்டும் ‘முதியோர் உடற்பயிற்சி’ இல்லை இது. இளைஞர்கள் ஜிம்மில் செய்கிற அதே கணக்கு.

எட்டு வாரத்தில் ஒருவர் மட்டும் பாதியில் விலகினார். மற்ற ஒன்பது பேருடைய கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. பத்துக் கிலோ தூக்கியவர் இருபத்தேழு கிலோ தூக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தசையின் பரப்பும் 9 சதவீதம் அதிகரித்திருந்தது. இரண்டு பேர் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார்கள். 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

தசை முப்பது வயதுக்குப் பிறகு சிறிது சிறிதாகக் கரையத் தொடங்கி, அறுபதுக்கு மேல் வேகமெடுக்கிறது. மருத்துவத்தில் இதற்கு சார்கோபீனியா என்று பெயர். எல்லாத் தசை இழைகளும் ஒரே அளவில் மெலிவதில்லை; சட்டென்று விசை தரும் வேக இழைகள்தான் அதிகம் அடிபடுகின்றன. வாசல்படி தடுக்கியதும் காலை முன்னே வீசி உடம்பைத் தாங்கி நிறுத்துவது அவற்றின் வேலை. அதனால்தான் இருபது வயதில் வெறும் தடுமாற்றமாக முடிவது எழுபத்தைந்தில் இடுப்பு எலும்பு முறிவாகிவிடுகிறது.

இதே குழு 1994-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு, நம் ஊர்க் குடும்பங்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. இந்த முறை நூறு பேர். சராசரி வயது 87. நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். இன்னொன்றுக்குச் சத்து பானம் மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களின் வலு 113 சதவீதம் கூடியிருந்தது. செய்யாதவர்களுக்கு வெறும் 3 சதவீதம். நடை வேகமும் மாடிப்படி ஏறும் திறனும் பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கூடின. பானம் மட்டும் குடித்தவர்களின் பலவீனம் குறையவில்லை. அவர்கள் உடலுக்குள் போன மொத்தக் கலோரிகூடக் குறிப்பிடும்படி ஏறவில்லை. பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்களுக்கு மட்டுமே அது ஏறியது.

ஊருக்கு வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்குப் பாசத்தோடு வாங்கி வரும் சத்துமாவு டின்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம். டின் வந்த கையோடு, “நீங்க பேசாம உட்காருங்கம்மா, எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்” என்றும் சொல்லிவிடுகிறோம். பாசத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தசைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் செய்ய முடியாது.

சாப்பாடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. உழைக்கிற தசைக்குப் புரதம் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் தினமும் தேவை. அறுபது கிலோ எடை உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013-இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத்தான் பின்பற்ற வேண்டும்.

நம் வீட்டுப் பெரியவர்களின் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் இரண்டு இட்லி, இல்லாவிட்டால் கஞ்சி. பல் போய்விட்டது, ஜீரணமாகாது என்ற காரணம் தயாராக இருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முப்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் கிட்டத்தட்ட அதே அளவு கிடைக்கும். மெல்ல முடியாதவர்களுக்குக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். கெட்டிப் பருப்பும் தயிரும் இருக்கவே இருக்கின்றன. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டிய வீடுகளில் மட்டும் கொஞ்சம் பேச்சுவார்த்தை தேவைப்படும்.

வீட்டில் எடைக் கருவி இல்லை என்றால் நாற்காலி போதும். கைப்பிடி இல்லாத, நேரான முதுகுள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு முழுதாக எழுந்து, மறுபடி உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை தடவை முடிகிறது என்று பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பயன்படுத்தும் சோதனை இது. 70 முதல் 74 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் 12 தடவைக்கும், பெண்கள் 10 தடவைக்கும் கீழே நின்றால், விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். கையை ஊன்றினால் மதிப்பெண் பூஜ்யம். சோதனையாகச் செய்வதையே பயிற்சியாகவும் செய்யலாம். இதய நோய் உள்ளவர்களும், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

ஆரம்பித்தால் இடையில் விடாதீர்கள். பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், அவர்களின் அதிகபட்ச வலுவில் 32 சதவீதம் போய்விட்டது.

(தொடரும்)