காட்டப்படும் மூன்று, காட்டப்படாத ஒன்று: ஒரு நாள் சுற்றுலா குறித்துச் சில குறிப்புகள்

1

திருவண்ணாமலை நான் பிறந்து வளர்ந்த ஊர். அந்த ஊருக்கே ஒரு சுற்றுலாப் பயணியாகப் போய்வந்த கதையிலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரையோரம் உள்ள ஒரு விடுதியில் வேலை பார்க்கும் நண்பர் முதல்நாள் இரவு கூப்பிட்டார். “நாளைக்கு செஞ்சி, திருவண்ணாமலை ட்ரிப் போவுது தோழர். எட்டு பேர் வண்டி, ஒரு சீட்டு காலி. சும்மா வந்து உக்காருங்க. உங்க ஊருதானே?” உங்க ஊருதானே என்பதுதான் எனக்கு உறுத்தியது. சொந்த ஊரைப் பார்க்க ஒருவன் ஏன் சுற்றுலா போக வேண்டும்? பார்ப்பது என்றால் என்ன? இந்தக் கேள்விகளுக்காகவே போனேன்.

காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் காந்தி சிலை அருகே வேன் வந்து நின்றது. சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை அவை என்பது வழக்கு. அதாவது, செஞ்சியைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் செஞ்சியின் ஒரு துண்டின் கீழேயே நின்றுகொண்டு வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். அதை யாரும் சொல்லவில்லை. சுற்றுலா இன்னும் ‘ஆரம்பிக்கவில்லை’ அல்லவா?

2

வழிகாட்டியோடு கூட்டமாகப் போய்வரும் நவீன சுற்றுலாவின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படுவது 1841 ஜூலை 5. இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் ஐந்நூறு பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் அழைத்துப் போனார். அது மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கான பயணம். ஓர் இயக்கத்தின் வேலையாகத் தொடங்கியதுதான் பிறகு உலகளாவிய வணிகமாயிற்று என்பதை இயக்கத்துக்காரர்கள் கவனிக்கலாம். குக் விற்றது ரயில் டிக்கெட்டை மட்டுமல்ல. எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது, எப்போது திரும்புவது என்று முடிவெடுக்கும் சுமையைப் பயணியின் தலையிலிருந்து இறக்கி வைத்ததுதான் அவர் விற்ற சரக்கு. முடிவெடுக்கும் அதிகாரமும் அந்தச் சுமையோடு சேர்ந்தே கைமாறியது.

ஜான் அர்ரி 1990இல் வெளியிட்ட நூலில் இதைச் ‘சுற்றுலாப் பார்வை’ என்று பெயரிட்டு விளக்கினார். நோயாளியின் உடலை மருத்துவர் பார்க்கும் பார்வை நிறுவனங்களால் பயிற்றுவிக்கப்பட்டது என்று ஃபூக்கோ சொன்னதிலிருந்து அவர் தொடங்குகிறார். சுற்றுலாப் பயணியின் கண்ணும் அப்படிப் பழக்கப்பட்டதுதான். அவருக்கு முன்பே, 1976இல், டீன் மக்கானல் இன்னொன்றைச் சொல்லியிருந்தார்: ஓர் இடம் தானாகவே பார்க்கத்தக்க இடமாகிவிடுவதில்லை, ‘இது பார்க்கத்தக்கது’ என்று சொல்லும் ஒரு குறி அதன்மேல் விழ வேண்டும். பலகை, புத்தகம், படம், கைடின் சுட்டுவிரல் என்று அந்தக் குறி எதுவாகவும் இருக்கலாம். பார்க்கிறவன், பார்க்கப்படும் இடம், குறி என்ற இந்த மூன்றின் உறவுதான் சுற்றுலா.

இதைக் கோட்பாடாகச் சொன்னால் எளிதாகத்தான் இருக்கிறது. வேனுக்குள் உட்கார்ந்தால்தான் உடம்புக்குப் புரிகிறது. திண்டிவனம் தாண்டியதும் சாலையோரம் நாற்று நடும் பெண்கள். இரண்டு பேர் கேமராவை எடுத்தார்கள். கைடு தம்பி, “இது புராகிராம்ல இல்லைங்க, செஞ்சியில நல்ல போட்டோ கிடைக்கும்” என்றார். குறி விழாத இடத்தில் வண்டி நிற்பதில்லை.

3

செஞ்சியில் எங்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்றரை மணி. ராஜகிரி உச்சி சுமார் எண்ணூறு அடி. ஏறி இறங்கவே அந்த நேரம் போதாது. ஆகவே அடிவாரத்தில் கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், அவ்வளவுதான். இந்த அவசரத்துக்குக் காரணம் திருவண்ணாமலையில் இருக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்குக் கோயில் நடை சாத்திவிடுவார்கள், திறக்க மூன்றரை ஆகும். அதற்குள் போயாக வேண்டும். சாமி தூங்கும் நேரம்தான் கோட்டையின் வரலாறு எவ்வளவு நீளம் என்பதைத் தீர்மானிக்கிறது!

அந்த ஒன்றரை மணி நேரத்தில் சொல்லப்பட்ட வரலாறு இது: ஆனந்தக் கோன், விஜயநகரம், நாயக்கர், பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1714இல் தேசிங்கு ராஜன் மரணம், 1750இல் பிரெஞ்சு, 1761இல் ஆங்கிலேயர். கோட்டை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதே வரலாறாகிவிடுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவெளிகள்’ என்ற தலைப்பின் கீழ் மகாராஷ்டிரத்தின் பதினொரு கோட்டைகளோடு பன்னிரண்டாவதாக. பல நூற்றாண்டுக் கோட்டைக்கு இருபத்தோரு ஆண்டு ஆட்சியின் பெயர். அறிவிப்பால் நிதி வரும், பராமரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் பெயர் சூட்டுவது விளக்கம் சொல்லும் வேலையும்கூட. இனி வரும் கைடுகள் அந்தப் பெயரிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்.

“இங்க மொத்தம் மூணு மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி” என்று தம்பி கைநீட்டிக் காட்டினார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர், அதோ இன்னொரு சின்னக் குன்றின் மீதும் மதில் தெரிகிறதே, அது என்ன என்று கேட்டார். தம்பி ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஊர்ப்பக்கத்துக்காரன் என்று என் பேச்சிலேயே கண்டுபிடித்திருப்பார் போலும். நான் வேறு பக்கம் பார்த்தேன். “அது ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு மலை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்.

அந்தக் குன்றுக்குப் பெயர் உண்டு. சக்கிலி துர்க்கம். சமார் டிக்ரி என்றும் சொல்வார்கள். இரண்டு மொழியிலும் தோல் வேலை செய்யும் சாதியின் பெயர்தான். அதன் உச்சியிலும் மதில் உண்டு. நூல்கள் ‘முக்கியமற்ற நாலாவது குன்று’ என்று ஒரு வரியில் கடந்துபோகும். குதிரைச் சேணம், வாளுறை, நீர் இறைக்கும் தோற்பை, செருப்பு இவையெல்லாம் இல்லாமல் அந்தக் காலத்தில் எந்தக் கோட்டையும் ஒரு நாள்கூட நின்றிருக்காது. மன்னர்களுக்கு மூன்று மலை, உழைத்தவர் பெயரில் ஒரே ஒரு குன்று. அதுவும் எண்ணிக்கையில் சேராது.

பிறகு டீக்கடையில் தனியே நின்றபோது கேட்டேன், ஏன் தம்பி பெயரைச் சொல்லவில்லை?

“சொன்னா அடுத்து என்ன கேப்பாங்க சார்? ஏன் அந்தப் பேருன்னு கேப்பாங்க. ஜாதின்னா என்னன்னு கேப்பாங்க. அப்புறம், நீ என்ன ஜாதின்னு கேப்பாங்க. எட்டு பேர்தான் வண்டியில. கூட்டம்னா தப்பிச்சிக்கலாம். எட்டு பேர்கிட்ட எங்க போய் ஒளியறது?”

சிறு குழு என்பது விளம்பரத்தில் நெருக்கம், சௌகரியம், தனிக் கவனம் என்று விற்கப்படுகிறது. அதே நெருக்கம் சம்பளத்துக்குப் பேசுகிறவனுக்கு என்னவாக இருக்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துகொண்டேன். பார்வை ஒரு பக்கம் மட்டும் பாய்வதில்லை. காட்டுகிறவன் தானும் காட்சியாகிவிடும் அபாயத்தில் நின்றுகொண்டுதான் காட்டுகிறான்.

4

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் திருவண்ணாமலை. சுமார் இருபத்தைந்து ஏக்கர் கோயிலுக்கு அரை மணி நேரம். 217 அடி ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கியதையும் செவ்வப்ப நாயக்கர் முடித்ததையும் தம்பி சரியாகச் சொன்னார். வடக்குக் கோபுரத்தின் பெயர் அம்மணி அம்மாள் கோபுரம். ஒரு பெண் ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி முடித்தது என்பது மரபு. அந்தப் பக்கம் நாங்கள் போகவேயில்லை.

கோயில் என்பது நினைவுச் சின்னமா, புழங்கும் இடமா என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. 2002இல் மத்தியத் தொல்லியல் துறை கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தபோது ஊரே கொதித்தது. கடையடைப்பு, வழக்கு என்று போய், 2004இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. பூசையும் திருவிழாவும் பொருட்காட்சியாக உறைந்துவிடும் என்பது மக்களின் அச்சம். நியாயமான அச்சம்தான். ஆனால் ‘உயிருள்ள கோயில்’ என்ற அந்தச் சொல்லாடல் யாருடைய உயிரைக் கணக்கில் எடுத்தது என்றும் கேட்க வேண்டும். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், அறநிலையத்துறைக்குட்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் போலீஸ் காவலோடு, நுழைய முடிந்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். எங்கள் வேனில் வந்த வெளிநாட்டார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே உள்ளே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த இரண்டு தேதிகளும்தான் மனதில் ஓடின.

மாலையில் ரமணாசிரமம். 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து ஓடிவந்த பள்ளிச் சிறுவனை இந்த ஊரில் யாரும் அழைக்கவில்லை. பால் பிரண்டனின் நூல் 1934இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு மலை மேற்கத்தியருக்கு ‘பார்க்கத்தக்கது’ ஆயிற்று. மக்கானல் சொன்ன குறி இதுதான். அதன் பிறகு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வேன் முக்கால் மணியில் சுற்றி முடித்தது. எட்டு லிங்கங்களில் இரண்டில் நிறுத்தினார்கள். காலால் நடக்கிறபோது மலை ஒவ்வொரு வளைவிலும் முகம் மாறும். கால் வலி, தாகம், கூட நடக்கும் முன்பின் தெரியாதவரோடு பேச்சு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பார்வை. வேன் சன்னலில் மலை ஒரே முகத்தோடுதான் இருந்தது.

ஓரிடத்தில் மலைச்சரிவின் ‘வியூ’ நன்றாக இருக்கிறது என்று வண்டியை நிறுத்தினார்கள். படம் எடுத்தார்கள். இந்த மலையின் சரிவில்தான், ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதைந்து இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். ஊருக்குள் இடமில்லாதவர்கள், வாடகை கொடுக்க முடியாதவர்கள் மலையடிவாரத்தில் ஏறிக் குடியேறியது பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்று. ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் நூலில் ஒரு பிரெஞ்சுப் பயண வழிகாட்டிப் புத்தகத்தை அலசியபோது சொன்னது இதுதான்: மலையும் தேவாலயமும் மட்டுமே அங்கே நாடாக மிஞ்சுகின்றன, மனிதர்கள் மறைந்துபோகிறார்கள். அவர் எடுத்துக்கொண்டது ஃபிராங்கோவின் ஸ்பெயினைப் பற்றிய புத்தகம் என்பதை மறக்கக் கூடாது. அழகான நிலக்காட்சி அங்கே ஒரு சர்வாதிகாரத்தை மறைத்தது. இங்கே எதை மறைக்கிறது?

5

திரும்பும் வழியில் எனக்குத் தோன்றிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் போய்வந்த நிலம் தமிழின் இரண்டு ஆற்றுப்படைகளின் நிலம். சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடன் திண்டிவனம் சூழ்ந்த ஓய்மா நாட்டவன். மலைபடுகடாமின் நன்னனுடைய செங்கண்மா, திருவண்ணாமலைக்கு மேற்கே இன்றைய செங்கம். ஆற்றுப்படையும் வழிகாட்டும் பிரதிதான். ஆனால் அங்கே காட்டுகிறவன் யார்? ஏற்கெனவே போய்ப் பரிசில் பெற்று வருகிற ஒரு பாணன் அல்லது கூத்தன். கேட்கிறவனும் அதே பசியுள்ள இன்னொரு கலைஞன். பசித்தவன் பசித்தவனுக்குச் சொல்லும் வழி அது. மலைபடுகடாம் வழியின் ஆபத்துகளை ஒளிப்பதில்லை. பன்றிப்பொறி எங்கே, கவண்கல் எங்கிருந்து வரும், வழுக்கும் இடம் எது என்று சொல்லிவிடுகிறது. சிறுபாணாற்றுப்படையில் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர் மக்கள் என்ன உணவு தருவார்கள் என்பது வருகிறது. நெய்தல் நிலத்தில் சுட்ட மீன், உழவர் வீட்டில் நண்டுக் கறியோடு சோறு. உழைக்கும் மக்கள் அங்கே காட்சிப்பொருளாக நிற்பதில்லை, விருந்து கொடுப்பவர்களாக வருகிறார்கள்.

உடனே பொற்காலம் பாடவும் வேண்டாம். வழியின் முடிவில் நிற்பவன் மன்னன். எல்லாப் பாதையும் அவன் வாசலில்தான் முடிகிறது. ஆற்றுப்படையும் அதிகாரத்தின் பிரதிதான். ஆனாலும் அதில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒரு முறை இருக்கிறது: தான் நடந்த வழியை, தன்னைப் போன்றவனுக்கு, ஆபத்தை மறைக்காமல் சொல்வது. மன்னனை நீக்கிவிட்டு இந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதா? நாலாவது குன்றிலிருந்து தொடங்கி, வ.உ.சி. நகர் வழியாக, தென்முடியனூரில் போய் முடியும் ஒரு வழியை, அங்கே வாழ்கிறவர்களே சொல்ல, நம் தோழர்கள் நடந்து கேட்க முடியாதா? அதைச் சுற்றுலா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துக்கம் விசாரிப்பதற்குக் கூட்டம் கூட்டி ‘காட்டுவது’ என்று அதுவும் கெட்டுப்போகும் அபாயம் உண்டு என்பதால், கூப்பிடுகிற உரிமை அவர்களிடமே இருக்க வேண்டும்.

இருட்டிய பிறகு கடற்கரையில் இறங்கினோம். எட்டு பேரும் தம்பிக்குக் கைகொடுத்தார்கள், சிலர் பணமும் கொடுத்தார்கள். நான் கைகொடுக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “அந்த அம்மா கேட்டப்போ நீங்களாவது சொல்லியிருக்கலாமே சார்? உங்கள யாரு என்ன கேக்கப்போறாங்க?”

உண்மைதான். சாதி இந்துவாகப் பிறந்த என்னை யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வாயை மூடவைத்தது பிழைப்பு. என் வாயை மூடவைத்தது எது? சுற்றுலாப் பார்வை பற்றி இத்தனை பக்கம் எழுதுகிற நான், அந்த ஒரு கணத்தில் சன்னலோரப் பயணியாகத்தான் இருந்திருக்கிறேன்.