கடலின் எதிர்முழக்கம்

மலைப்பாறைக்கு எதிரே நின்று குரல் கொடுத்தால் அக்குரல் ஒருமுறை தெளிவாகத் திரும்பி வருகின்றது. இஃது எதிரொலி. ஆளற்ற பெரிய மண்டபத்தில் பேசினாலோ சொல்லோடு சொல் குழம்பி, ஓசை நெடுநேரம் இழுபடுகின்றது. இதுவே எதிர்முழக்கம். வகுப்பில் இவ்விரண்டையும் ஒன்றெனவே எழுதிவைத்த மாணவர் பலரை நான் கண்டிருக்கிறேன்.

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் சோனார்க் கருவி, நீருக்குள் குறுகிய ஒலித்துடிப்பு ஒன்றை அனுப்பி எதிரொலிக்காகக் காத்திருக்கும். கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் செல்லும். இரண்டு வினாடியில் எதிரொலி வந்தால் பொருள் 1500 மீட்டர் தொலைவில் உள்ளது. ஆனால் அலைமுகடுகள், காற்றுக்குமிழிகள், மீன்கள், கடலடிப் பாறைகள் ஆகிய யாவும் அவ்வொலியைச் சிறிது சிறிதாகச் சிதறித் திருப்புகின்றன. இவை ஒன்றுகூடி எழுப்பும் முழக்கத்தில் வேண்டிய எதிரொலி அமிழ்ந்துபோகின்றது.

ஒலியை உரக்க எழுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். கப்பல் எந்திரத்தின் இரைச்சலே தடையாயின் அது பயன்படும். எதிர்முழக்கமோ நாம் அனுப்பிய ஒலியிலிருந்தே பிறப்பது. ஒலியைப் பெருக்கினால் அதுவும் அவ்வளவே பெருகும். மூடுபனியில் மோட்டார் விளக்கின் ஒளியைக் கூட்டினால் பனியே மேலும் வெளுத்துத் தோன்றுவதைப் போன்றது இது.

ஆகவே துடிப்பைக் குறுக்குகிறார்கள். வினாடியில் பத்தில் ஒரு பங்கு நீடிக்கும் துடிப்பானால், ஒரே கணத்தில் 75 மீட்டர் கனமுள்ள நீரின் சிதறல் வந்து சேரும். நூறில் ஒரு பங்கானால் 7.5 மீட்டர்தான். கற்றையைக் குறுக்குவதும் உதவும். இலக்கு நம்மை நோக்கி வந்தால் அதன் எதிரொலியின் சுருதி முழக்கத்தின் சுருதியினும் சற்று உயர்ந்திருக்கும். விலகிச் சென்றால் தாழ்ந்திருக்கும். பழகிய செவி அதைப் பிரித்தறியும்.

1942-இல் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் இம்முழக்கத்தை ஆராய்ந்த ஐரிங், கிறிஸ்டென்சன், ராய்ட் ஆகியோர் ஒரு விந்தையைக் கண்டனர். ஏறத்தாழ 300 மீட்டர் ஆழத்திலிருந்து வலிய முழக்கம் வந்தது. கடலடியோ அதற்கும் வெகு கீழே இருந்தது! 1945-இல் மார்ட்டின் ஜான்சன் என்னும் உயிரியலார் இரவும் பகலும் கவனித்தார். மாலையில் அவ்வடுக்கு மேலெழுந்தது. விடியலில் மீண்டும் இறங்கியது. இருளில் இரைதேடி மேலே வரும் கடல்வாழ் உயிர்களின் கூட்டமே அது. அவற்றுள் சிறு மீன்களின் காற்றுப்பைகளே ஒலியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்பது பின்னர்த் தெரிந்தது. எதிரொலியால் ஆழம் அளந்தவர்கள் இவ்வடுக்கையே கடலின் அடித்தரை என மயங்கியதும் உண்டு.