கடல் கடந்த கல்வியும் காட்டின் காவலும்

வனவியல் கற்க அயல்நாடு செல்ல விரும்பும் பிள்ளையை நோக்கி, “மரத்தைப் பற்றி அறிய இத்துணைத் தொலைவு போக வேண்டுமா?” என்று பெற்றோர் வினவுவது இயல்பே. அவ்வினாவிற்கு விடையாக, நம் கோயமுத்தூரில் பணியாற்றிய ஓர் அம்மையாரின் வரலாற்றை அங்கத்தினர்கள் முன் வைக்கின்றோம்.

டாக்டர் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டில் தலைச்சேரியில் பிறந்தார். சென்னையில் பயின்றபின், உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக் கழகம் சென்று, 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1934 முதல் 1939 வரை கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி புரிந்தார்.

அந்நிலையம் 1912இல் தோன்றியது. இனிப்பு மிகுந்த தடித்த கரும்பு, வடநாட்டுக் குளிரையும் நோயையும் தாங்கவில்லை. ஆற்றோரத்தில் தானே முளைக்கும் காட்டுக் கரும்பிலோ இனிப்பில்லை, உறுதி உண்டு. பார்பர் துரையும் வெங்கடராமன் அவர்களும் இவ்விரண்டையும் கலந்து உண்டாக்கிய ‘கோ 205’ என்னும் இனம் 1918இல் வெளிவந்தது. இத்தகைய கலப்பினங்களின் குரோமோசோம்களை ஜானகி அம்மாள் நுண்பெருக்கியில் ஆராய்ந்தார். மக்காச்சோளத்துடனும் கரும்பைக் கலந்து பார்த்தார். எவரும் பொருட்படுத்தாத காட்டுப் புல் உழவனின் பயிரைக் காத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர் இங்கிலாந்து சென்ற அம்மையார், 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்களின் குரோமோசோம்களைத் தொகுத்து நூல் வெளியிட்டார். விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அவற்றுள் வெண்மலர் பூக்கும் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. விஞ்ஞானமும் அழகுக் கலையும் ஒரே மரத்தில் கூடுதல் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

1951இல் பண்டித நேருவின் அழைப்பையேற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைத்தார். அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, எண்பது வயதை எட்டிய அம்மையார் அக்காட்டிற்காகக் குரல் கொடுத்தார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் அவர் மறைந்தார். 1985இல் அக்காடு தேசியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இதில் நமக்கென்ன என்று கருதற்க. நீலகிரியில் பிறந்து, அட்டப்பாடி வழியே சுற்றிவரும் பவானியாறுதான் கோபி வட்டாரத்தின் நெல்லையும் மஞ்சளையும் வளர்க்கிறது. அதன் கரையிலேதான் பவானி ஜமக்காளம் நெய்யப்படுகிறது. நெசவாளர் நூலுக்குச் சாயமேற்றவும் நல்ல நீர் வேண்டும். மலைக்காடு வறண்டால் ஏரும் தறியும் ஒருங்கே ஓயும்.

மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி உண்டு. கோவையில் வன மரபியல் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. பிள்ளைகள் முதலில் இங்கே அடிப்படையைக் கற்கட்டும். அதற்கு மேற்பட்ட கல்வி அயல்நாட்டில் இருப்பின், உதவிச் சம்பளத்திற்கு முயன்று சென்று வரட்டும். போகும்போது நம் ஊரின் கேள்வியொன்றைக் கொண்டு செல்லட்டும். வரும்போது அதற்குரிய விடையைக் கொண்டு வரட்டும்.