பிராணவாயுவுக்கும் அளவு உண்டு

எல்லோருக்கும் தெரிந்த எண்

ரத்த ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்று, கொரோனா பரவிய 2021 மே மாதத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையையே ஆக்ஸிஜன் தயாரிப்பதற்காகத் திறக்க வேண்டி வந்த காலம் அது. சிலிண்டருக்காக வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு அந்த வாயுவின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்கள் நம் மனத்தில் இன்னொரு நினைப்பையும் ஊன்றிவிட்டன. ஆக்ஸிஜன் கூடக்கூட நல்லது என்ற நினைப்பு. இன்றும் வார்டில் படுத்திருக்கும் அப்பாவின் விரலில் மாட்டிய கருவி 91 காட்டினால் மகன் பதறுகிறார். "சிஸ்டர், ஆக்ஸிஜனைக் கொஞ்சம் கூட்டி வையுங்களேன்" என்கிறார். நர்ஸ் மறுத்தால் சண்டை வருகிறது. அப்பா பல வருடம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர் என்றால், மறுத்த நர்ஸ்தான் சரி.

மருத்துவமனையில் தரப்படும் ஆக்ஸிஜன் ஒரு மருந்து. ஊசியாகவோ மாத்திரையாகவோ வராமல் குழாயில் வருவதால் அப்படித் தோன்றுவதில்லை. எல்லா மருந்துக்கும் உள்ளதுபோல இதற்கும் அளவு, நேரம், பக்கவிளைவு எல்லாம் உண்டு.

செல்லுக்குள் நடக்கும் கைமாற்று

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒருவரின் உடல் நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது. எடையில் இரண்டே சதவீதம் இருக்கும் மூளை அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. வரத்து சில நிமிடங்கள் நின்றாலே மூளை செல்கள் சாகத் தொடங்கும்.

இதில் பெரும்பகுதி செலவாகும் இடம், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா. சோற்றிலும் எண்ணெயிலும் இருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குப் போகின்றன, வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறிப் போவதைப் போல. வரிசையின் கடைசியில் நின்று வாங்கிக்கொள்வது ஆக்ஸிஜன். வாங்கியதும் தண்ணீராக மாறிவிடுகிறது. கடைசி ஆள் இல்லாவிட்டால் வரிசையே நின்றுபோகும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஆக்ஸிஜன் இருக்கும்போது செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறுகள் ஏறக்குறைய 30 கிடைக்கின்றன. இல்லாதபோது கிடைப்பது இரண்டுதான்.

சட்டி நடுவில் சிந்துவதும் உண்டு. கடைசிவரை போகாமல் ஓர் எலக்ட்ரான் இடையிலேயே நழுவி ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொண்டால் அது சூப்பராக்ஸைடு ஆகிறது. சூப்பராக்ஸைடிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள். பக்கத்தில் கட்டுப்படாத இரும்பு இருந்துவிட்டால் அதுவும் உடைந்து ஹைட்ராக்ஸில் ரேடிக்கலாக மாறும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. எதிர்ப்பட்டது செல் சவ்வின் கொழுப்பா, புரதமா, டி.என்.ஏ.வா என்று பார்க்காமல் தாக்கும். ஆக்ஸிஜன் நஞ்சாவதும் எக்ஸ்ரே கதிர் உடலைச் சிதைப்பதும் இந்த ஒரே வழியில்தான் என்று 1954-இல் முதலில் எடுத்துச் சொன்னவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெபேக்கா கெர்ஷ்மன்.

இந்த நஞ்சை உடல் வேண்டுமென்றே தயாரிக்கும் இடமும் உண்டு. கிருமியை விழுங்கிய வெள்ளணு அதன்மேல் பாய்ச்சுவது சூப்பராக்ஸைடைத்தான். பிறவியிலேயே இதைத் தயாரிக்க முடியாத குழந்தைகளுக்குச் சீழ்க்கட்டிகள் திரும்பத் திரும்ப வரும்.

பாச்சை உருண்டையும் சிவப்பணுவும்

1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் இருவரும் சூப்பராக்ஸைடை அடக்கும் நொதி ஒன்றைக் கண்டறிந்தார்கள். மூச்சுவிடும் உயிர்களில் பெரும்பாலானவற்றிடம் இந்த நொதி இருக்கிறது. தான் சுவாசிக்கும் வாயுவிடமிருந்தே தற்காத்துக்கொள்ள உடல் ஒரு படையை வைத்திருக்கிறது என்பது அதன்பிறகுதான் தெளிவானது. கேட்டலேஸ், குளூட்டாதயோன் போன்றவையும் அந்தப் படையில் உண்டு.

படை பலவீனமானால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுப் பீரோவிலேயே சான்று இருக்கிறது. சிவப்பணு தன் ஆயுள் முழுக்க, சுமார் 120 நாள், ஆக்ஸிஜனைச் சுமந்தபடியே திரிகிறது. அதைக் காக்கும் குளூட்டாதயோனைப் புதுப்பிக்க ஜி6பி.டி. என்ற நொதி வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறை அதிகம், தெரியாமலே வாழ்நாளைக் கழித்துவிடுபவர்களும் உண்டு. ஆனால் துணிக்கு இடையில் போட்டு வைக்கும் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் இவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்த பழம்புடவையில் அப்படியே சுற்றிய பச்சிளங்குழந்தைக்குக் காமாலை ஏறி, மூளைவரை பாதிக்கலாம். மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரைக்கு முன்பு இந்த நொதியைச் சோதிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் அந்த உருண்டையே வேண்டாம்.

இன்குபேட்டருக்குள் போன பார்வை

1942-இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதக் குழந்தைகளிடம் புதுவகைப் பார்வையிழப்பு ஒன்றை விவரித்தார். விழித்திரைக்கு முன்னால் வெள்ளைத் திசு படர்ந்திருந்தது. அடுத்த பத்தாண்டில் அது உலகெங்கும் ஏறக்குறைய 10,000 குழந்தைகளின் கண்ணைப் பறித்தது. இதில் வேதனையான விஷயம், நல்ல வசதியுள்ள, நல்ல இன்குபேட்டர் வைத்திருந்த மருத்துவமனைகளில்தான் இது அதிகம். 1950-இல் மிச்சிகனில் குறைமாதத்தில் பிறந்த ஸ்டீவி வொண்டர் பார்வையிழந்ததும் இதனால்தான்.

வைட்டமின் குறைவு, வெளிச்சம் என்று எதையெதையோ சந்தேகித்தார்கள். காற்றைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? 1951-இல் மெல்போர்ன் குழந்தை மருத்துவர் கேட் கேம்பல், ஆக்ஸிஜனைத் தாராளமாகத் தந்த இடங்களில் பார்வையிழப்பு கூடுதல் என்று எழுதினார். 1953-54-இல் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது.

நடப்பது இதுதான். கருவின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் முழுமையடைகின்றன. கருப்பையின் குறைந்த ஆக்ஸிஜன்தான் அவற்றை வளரத் தூண்டுகிறது. சீக்கிரம் பிறந்த குழந்தைக்கு அளவுக்கு மீறி ஆக்ஸிஜன் தரும்போது, இதற்குமேல் வளர வேண்டியதில்லை என்று குழாய்கள் நின்றுவிடுகின்றன. சில வாரம் கழித்துக் குழாயே எட்டாத ஓரப்பகுதி ஆக்ஸிஜனுக்கு ஏங்குகிறது, அவசர அவசரமாக ஒழுங்கற்ற குழாய்கள் முளைக்கின்றன, அவை கசிந்து, சுருங்கி, விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடுகின்றன.

காரணம் தெரிந்ததும் மருத்துவ உலகம் மறுகோடிக்கு ஓடியது. 40 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ஒரே பிடியாகக் கட்டுப்படுத்தினார்கள். பார்வையிழப்பு குறைந்தது. மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. ஒரு பார்வையைக் காக்கப் பதினாறு உயிர் போயிருக்கலாம் என்று 1973-இல் ஒரு கணக்கு வந்தது. 2010-இல் வெளியான பெரிய ஆய்வும் இதே இழுபறியைத்தான் காட்டியது. ரத்த ஆக்ஸிஜனை 85 முதல் 89-க்குள் வைத்தால் கண் பிழைக்கிறது, ஆனால் இறப்பு கூடுகிறது. 91 முதல் 95-க்குள் வைத்தால் உயிர் பிழைக்கிறது, கண் பாதிப்பு கூடுகிறது. இன்று பெரும்பாலான பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் 90-லிருந்து 95-க்குள் நிறுத்தி, கண்ணைத் தனியாகக் கண்காணிக்கின்றன.

இந்தக் கண்காணிப்பில்தான் பெற்றோர் கவனம் தேவை. இந்திய நெறிமுறைப்படி 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, கண்ணும் பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. வெளியில் ஒன்றும் தெரியாது. நேரத்தில் கண்டால் லேசர் அல்லது கண்ணுக்குள் போடும் ஊசி மூலம் பார்வையைக் காக்கலாம், தாமதித்தால் முடியாது. 1996-இல் தமிழ்நாட்டில் குறைமாதமாகப் பிறந்து, இந்தப் பரிசோதனை நடக்காமல் பார்வையிழந்த ஒரு பெண்ணுக்கு 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்கான தேதி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

பிறந்ததும் அழாத குழந்தைக்குச் சுத்த ஆக்ஸிஜன் தருவதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. டெல்லியின் சித்தார்த் ராம்ஜி, நார்வேயின் ஓலா சாக்ஸ்டாட் ஆகியோர் 1990-களில் செய்த ஆய்வுகள், சாதாரணக் காற்றே போதும் என்று காட்டின. சுத்த ஆக்ஸிஜன் பெற்ற குழந்தைகள் முதல் அழுகைக்கு எடுத்துக்கொண்ட நேரம் அதிகம். நிறைமாதக் குழந்தைக்குக் காற்றில் தொடங்கச் சொல்லி 2010-இல் சர்வதேச நெறிமுறை மாறியது. அந்த மாற்றத்தில் இந்தியப் பிரசவ அறைகளுக்குப் பங்கு உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

90 போதும் என்னும் இடங்கள்

பெரியவர்களுக்கு வருவோம். புகையாலும் விறகடுப்பாலும் நுரையீரல் நாள்பட்டுக் கெட்டவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு 88-லிருந்து 92. இவர்களுக்கு ஆக்ஸிஜனை வாரிக் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். கருவியில் 99 தெரியும், ஆளோ அரைத்தூக்கத்தில் சரிந்துகொண்டிருப்பார். நல்லா தூங்குறார் என்று வீட்டார் நிம்மதிப்படுவது இந்த நேரத்தில்தான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ்களில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. மூச்சிரைப்போடு வந்தவர்களில், அளந்து ஆக்ஸிஜன் பெற்றவர்களைவிட அதிக வேகத்தில் பெற்றவர்கள் கூடுதலாக இறந்திருந்தார்கள்.

மாரடைப்பு வந்தவருக்கு உடனே மாஸ்க் மாட்டுவதைச் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஸ்வீடனில் 6,629 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, ரத்த ஆக்ஸிஜன் 90-க்குக் குறையாதவர்களுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை என்று கண்டது. சுத்த ஆக்ஸிஜனை நாள் முழுக்க சுவாசித்தால் நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிச்சலும் இருமலும் வரும். அழுத்தம் கூடினால் வலிப்பே வரும் என்று பால் பெர்ட் 1878-லேயே எழுதிவிட்டார்.

டப்பாவில் விற்கும் எதிர்ப்படை

ரேடிக்கல்தான் வில்லன் என்றால் அதை அடக்கும் மாத்திரையை விழுங்கலாமே? இந்தக் கேள்வியில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் வியாபாரம் நிற்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் இதைச் சோதித்தார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது என்று 1994-இல் முடிவு வெளியானது. அமெரிக்காவில் இதேபோன்ற ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உடற்பயிற்சி செய்பவர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரை கொடுத்துப் பார்த்த 2009-ஆம் ஆண்டு ஆய்வில், பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்க வேண்டிய நன்மையே மங்கிப்போனது. பயிற்சியின்போது உண்டாகும் கொஞ்ச ரேடிக்கல்தான் உடலின் சொந்தப் படையை எழுப்பிவிடுகிறது. அதை மாத்திரையால் தட்டிவிடுகிறோம். முருங்கைக்கீரையையும் நெல்லிக்காயையும் தாராளமாகச் சாப்பிடலாம். குறைபாடு என்று மருத்துவர் சொல்லாதவரை மாத்திரைக்குச் செலவழிக்காதீர்கள்.

வீட்டில் கருவி இருந்தால்

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரில், மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதியிருந்தால் 2 லிட்டர்தான். இளைப்பு கூடினால் திருகைத் திருப்பாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குறைப்பதும் தவறு. நீண்டகால ஆக்ஸிஜன் தேவைப்படுபவர் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் எடுத்தால்தான் ஆயுள் நீளும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் மட்டும் போடுவது போதாது.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். நகப்பூச்சும் சில்லிட்ட விரலும் கணக்கைக் குழப்பும். எண் நன்றாக இருந்தும் ஆள் சோர்ந்து, உதடு நீலம் பாரித்தால் எண்ணை நம்பாதீர்கள்.

கருவி ஓடும் அறையில் பீடி, ஊதுபத்தி, விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. ஆக்ஸிஜன் தானாக எரியாது, ஆனால் துணியில் ஊறியிருந்தால் சிறு பொறியையும் பெருந்தீயாக்கும். சிலிண்டர் வால்வு இறுகிவிட்டது என்று தேங்காய் எண்ணெயோ கிரீஸோ தடவுகிறவர்கள் உண்டு. அழுத்தத்தோடு வரும் ஆக்ஸிஜனில் எண்ணெய் பட்டாலே தீப்பிடிக்கும். வால்வு திறக்கவில்லையென்றால் சிலிண்டர் தந்தவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.