வாயின் ஐந்தொகை

ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் மிதக்கின்றன. நாளொன்றுக்கு 1 லிட்டர் சுரப்பதாக வைத்துக்கொண்டால், 10,000 கோடியை விழுங்கிவிட்டுத்தான் படுக்கப் போகிறோம். மனித வாய்களில் கண்டறியப்பட்ட இனங்கள் 700க்கும் மேல். இவற்றை ஒழிக்க வழியில்லை, தேவையும் இல்லை. எத்தனை முறை தீனி போடுகிறோம், எத்தனை முறை துலக்குகிறோம் என்பதில்தான் இலாப நட்டம் இருக்கிறது.

செலவு 1: சீனி

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ ஒரு தே தாரிக். இரண்டு மேசைக்கரண்டி டின்பால் ஊற்றினால் சுமார் 40 கிராம். அதில் சேர்த்த சீனி ஏறக்குறைய 18 கிராம். நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கிலோ 2.85 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலையில் அந்தச் சீனியின் மதிப்பு 5 சென்.

அந்த 5 சென்னை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அமிலமாக்குகிறது. 1924இல் கிளார்க் விவரித்த பாக்டீரியா இது. அமிலகாரக் குறியீடு 5.5க்குக் கீழே இறங்கினால் பற்சிப்பி கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். நான்கு வேளை நான்கு கோப்பை என்றால் 2 முதல் 4 மணி நேரம் கரைதல். ஒரே கோப்பையை மணிக்கணக்கில் உறிஞ்சினாலும் கதை அதேதான்.

பெட்டியிலும் போத்தலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு 1 ஜூலை 2019 முதல் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அது இல்லை.

செலவு 2: ஈறு

2010ஆம் ஆண்டின் தேசிய வாய்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 88.9 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் அனுபவம் இருந்தது, 94 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகையில் ஈறு பாதிப்பு, 18.2 விழுக்காட்டினருக்குக் கடுமையான பாதிப்பு.

நம்மவர்களுக்கு இது இரட்டைச் செலவு. 2019 தேசிய நலவாழ்வு ஆய்வில் நாட்டின் நீரிழிவு விகிதம் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. நீரிழிவு உள்ளவருக்குக் கடும் ஈறு நோய் வரும் அபாயம் சுமார் மூன்று மடங்கு. ஈற்றின் அழற்சி இரத்தச் சீனியைத் திரும்பவும் ஏற்றுகிறது.

வரவு

குழாய்நீரில் லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் ஃபுளோரைடு, இலவசம். ஆர்.ஓ. வடிகட்டி பொருத்திய வீட்டில் இந்த வரவு பெரும்பாலும் நின்றுபோகும்.

கீரை, பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட்டை நாக்கின் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இரத்தக் குழாயைத் தளர்த்த உதவுகிறது. 2013இல் 19 பேர் ஒரு வாரம் பாக்டீரியா கொல்லியான குளோர்ஹெக்சிடின் கொண்டு வாய் கொப்பளித்தபோது அவர்களின் இரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது. மருத்துவர் சொல்லாமல் அதைத் தினப் பழக்கமாக்குவது நல்ல ஊழியரையும் சேர்த்து வேலைநீக்கம் செய்வதுதான்.

இருப்பு

நீரிழிவும் ஈறு நோயும் உள்ளவரின் ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தால், இரத்தச் சீனியின் நீண்டகால அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது என்று 2022 காக்ரேன் மதிப்பாய்வு கணக்கிட்டது. அரசு பல் மருந்தகத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. வீட்டில் இனிப்புநீர் உள்ளவர் இருந்தால், அடுத்த இரத்தப் பரிசோதனையோடு ஈற்றையும் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.