"மதர்போர்டு போச்சு" என்றால் உடனே நம்பிடாதீங்க: பழைய லேப்டாப்பை டி.வி.யில் மாட்டிப் பாருங்க

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதி கம்பெனிகளில் வேலை பார்க்கும் தொழிலாளி வீட்டில் லேப்டாப் ரிப்பேர் ஆகிவிட்டால், ஒரு மாசச் சம்பளத்துக்கு வேட்டு என்று அர்த்தம். பிள்ளைக்கு காலேஜ் புராஜெக்ட் இருக்கும். கடைக்கு தூக்கிக்கொண்டு போனால், சில இடங்களில் திறந்துகூட பார்க்காமல் "மதர்போர்டு போயிடுச்சு, வேற வாங்கிடுங்க" என்று சொல்லி விடுகிறார்கள்.

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் தயாரிக்கும் ஊரே இதுதான். டெல் நிறுவனத்தின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007-ல் தொடங்கியது. எச்.பி. நிறுவனமும் 2020-ல் பிளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து இந்த பகுதியில் தயாரிப்பை ஆரம்பித்தது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் இருப்பது என்னவோ செகண்ட் ஹேண்ட் லேப்டாப், அல்லது அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான்.

அதை குப்பையில் போடும் முன் வீட்டிலேயே சில சோதனைகளை செய்து பார்க்கலாம். காசு செலவில்லை.

டி.வி. சோதனை

லேப்டாப் ஆன் ஆகிறது, லைட் எரிகிறது, பேன் சுற்றுகிறது. ஆனால் திரை மட்டும் கருப்பாக இருக்கிறதா? எச்.டி.எம்.ஐ. ஒயரை எடுத்து வீட்டு எல்.இ.டி. டி.வி.யில் மாட்டுங்கள். (2006-ல் தொடங்கி அரசு கொடுத்த பெட்டி கலர் டி.வி.யில் இந்த வசதி கிடையாது.) டி.வி.யில் படம் வந்துவிட்டால் மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் வேலை செய்கின்றன. கோளாறு திரையிலோ, திரைக்கு போகும் ஒயரிலோதான். ஒயர் கழன்றிருந்தால் சின்ன வேலை.

டி.வி. இல்லாதவர்கள் இருட்டில் திரை மேல் டார்ச் அடித்துப் பார்க்கலாம். மங்கலாக எழுத்து தெரிந்தால் திரைக்கு பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் அவுட்.

டி.வி.யிலும் படம் வரவில்லையா? அப்போதும் மதர்போர்டு போச்சு என்று முடிவு கட்டக்கூடாது. சார்ஜரை பிடுங்கி, பேட்டரியை கழற்றிவிட்டு, பின்பக்கம் உள்ள ரேமை எடுங்கள். அதன் தங்க நிற பற்களை பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாக தேய்த்து, தூசியை ஊதிவிட்டு திரும்ப மாட்டுங்கள். 2 ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக போட்டுப் பாருங்கள். பழைய மெஷினில் பாதி வியாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

சுத்தமாக உயிரே இல்லை என்றால் முதல் சந்தேகம் சார்ஜர் மேல். பக்கத்து ரூம்காரரிடம் ஒன்று வாங்கி மாட்டலாம். ஆனால் பின்னும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ, அதற்கு மேலோ இருக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். ஓடினால் பேட்டரிதான் குற்றவாளி.

10 நிமிடம் ஓடி தானாக ஆப் ஆனால் அது சூடு. லாரி புழுதி பறக்கும் ரோட்டோர வீடுகளில் பேன் தூசியால் அடைத்துக்கொள்வது சகஜம். மெத்தை மேல் வைத்து ஓட்டினால் இன்னும் மோசம்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. விரல் தேய்க்கும் டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும்.

ஆமை வேகமா?

15-9-2011 அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டத்தை தொடங்கி வைத்தார். அந்த கால லேப்டாப்களில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். வேகம் குறைய முக்கிய காரணமே அதுதான். அதை கழற்றிவிட்டு அதே அளவுள்ள இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. போட்டால் ஆளே மாறிவிடும். 256 ஜி.பி. தாராளம். டிஸ்க்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் போட்டோ, மார்க் ஷீட் எல்லாவற்றையும் முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

ரேம் வாங்கும்போது கவனம் வேண்டும். டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 நுழையாது. பழைய ரேமை கையோடு கொண்டு போவது நல்லது. ஏ.ஐ. கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. அதனால் முதலில் எஸ்.எஸ்.டி., கையில் மிச்சம் இருந்தால் ரேம் என்று வைத்துக்கொள்ளலாம். 2011, 2012 மாடலுக்கு இரண்டும் சேர்த்து செலவு செய்வது வீண்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு

"ஐ5 சார், சூப்பர் மெஷின்" என்பார்கள். ஐ5 என்பது மட்டும் போதாது, அதன் பின்னால் வரும் எண்ணை பாருங்கள். 6300 என்றால் 6-வது தலைமுறை, 8250 என்றால் 8-வது. இன்டெல் பிராசசரில் 8-வது தலைமுறையில் இருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துவிட்டது. அதற்காக பழைய மெஷின் நின்றுவிடாது. பேங்க் வேலையை தவிர்த்து, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சாப்ட்வேர் போட்டு பிள்ளைகள் படிக்க ஓட்டலாம்.

கடையிலேயே சார்ஜரை பிடுங்கிவிட்டு 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஆன் ஆகும்போது எப்2 போன்ற பட்டனை தட்டி பயாஸ் உள்ளே போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வேண்டவே வேண்டாம். ஏதோ கம்பெனியின் பூட்டு இன்னும் கழலவில்லை என்று பொருள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் (நரசிங்கபுரம் தெரு) நாலு கடை ஏறி இறங்கினால் விலை குறையும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை லீவில் போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

பில்லில் சீரியல் நம்பரும் வாரன்டி நாட்களும் எழுதி வாங்குங்கள். ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பேசி தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கு மனு கட்டணம் கிடையாது.